வீட்டு மண்டல விவாதம்: ஊர்க் கூட்டத்துக்குப் போகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்டனைச் சுற்றியுள்ள 177 ஊர்களில் சில ஆண்டுகளாக ஒரே வாக்குவாதம். மாசசூசெட்ஸ் மாநிலம் 2021 ஜனவரியில் இயற்றிய சட்டப்படி, பாஸ்டன் பகுதிப் பொதுப் போக்குவரத்து அமைப்பான எம்.பி.டி.ஏ.வின் ரயில், பஸ் சேவை எட்டும் ஊர்களும் அவற்றை ஒட்டிய ஊர்களும் அடுக்குமாடி வீடுகளுக்கென ஒரு மண்டலம், அதாவது அத்தகைய வீடுகளை விதிப்படி கட்டக்கூடிய பகுதி, வகுக்க வேண்டும். அங்கே ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடுகளுக்கு விதி இடம்கொடுக்க வேண்டும். நம் தமிழ்க் குடும்பங்கள் பல இந்த ஊர்களில் வாழ்கின்றன. கூட்டத்துக்கு ஆவலோடு வருகிறோம். தவறான கேள்வியைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறோம்.

மில்டன் ஊரின் மண்டலம் இடம்கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்ட எண்ணிக்கை 2,461 வீடுகள். இதைக் கேட்டதும் அத்தனை வீடுகளும் நாளையே முளைக்கும் என்று பதற வேண்டாம். இப்போது நிற்கும் கட்டடங்களைக் கழிக்காமல், நிலம் வெறுமையாக இருந்தால் எத்தனை வீடுகளுக்கு விதி அனுமதிக்கும் என்று போட்ட கணக்கு அது. ஊர் எதையும் கட்ட வேண்டியதில்லை.

அதற்காக, "காகிதத்தில்தானே இருக்கிறது" என்று அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. லெக்சிங்டன் ஊர் 2023இல் முந்திக்கொண்டு இந்த மண்டலத்துக்கு 227 ஏக்கரை ஒதுக்கியது. நினைத்ததைவிட வேகமாகக் கட்டுநர்கள் வந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டங்கள் குவிந்தன. 2025இல் ஊர் அந்தப் பரப்பைக் குறைத்தது.

சட்டத்துக்கு இணங்காத ஊருக்குச் சில மாநில மானியங்கள் கிடைக்காது. "அந்த மானியம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்" என்ற பேச்சை இன்றும் கேட்கிறேன். அந்தக் கதவு மூடிவிட்டது. மில்டன் வாக்காளர்கள் 2024 பிப்ரவரியில் புதிய மண்டலத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுத்தார். சட்டம் செல்லும், அதை அமல்படுத்தக் கோரி அவர் வழக்குப் போடலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 8 அன்று தீர்ப்பளித்தது. வழிகாட்டு நெறிகளை வெளியிட்ட முறையில் மட்டும் அது குறை கண்டது. அரசு அவற்றைப் புதிதாக வெளியிட்டது.

என்னை மிகவும் வருத்தும் தவறு, தாமதமாக வருவது. இந்த மண்டலத்தில் விதிக்குப் பொருந்தும் கட்டடத்துக்குத் தனிச் சிறப்பு அனுமதி தேவையில்லை. மனை அமைப்பை ஊர் பரிசீலிக்கலாம், ஆனால் அனுமதிக்கப்பட்ட கட்டடத்தை மறுக்க முடியாது. எத்தனை மாடி, சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி, எத்தனை கார் நிறுத்தலாம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு எத்தனை வீடு என்பதெல்லாம் விதி எழுதும்போதே பேசி முடிக்க வேண்டியவை. பக்கத்து மனையில் இயந்திரம் வந்து நின்ற பிறகு முறையிட்டுப் பயனில்லை.

பள்ளியில் கூட்டம் பெருகும் என்று அஞ்சி, முதியோருக்கு மட்டும் கட்டச் சொல்வதும் வீண். வயது வரம்பு கூடாது, குழந்தைகள் உள்ள குடும்பங்கள் வாழத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அது நல்ல விதி என்பதே என் கருத்து. நம்மில் பலர் இந்த ஊர்களுக்கு வந்ததே பிள்ளைகளின் படிப்புக்காகத்தானே?

"எனக்குக் குடியுரிமை இல்லை, நான் போய் என்ன பேசுவது?" என்று கேட்டு வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் அநேகம். ஊர் விதிகளை வாக்கெடுத்து முடிவு செய்யும் டவுன் மீட்டிங்கில் வாக்களிக்கத்தான் குடியுரிமை வேண்டும். அதற்கு முன் திட்டக் குழு நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் விசாவில் இருப்பவரும் வாடகை வீட்டுக்காரரும் பேசலாம், எழுதியும் கொடுக்கலாம். வரைவு விதியில் திருத்தம் செய்ய அதிக இடமிருப்பதும் அந்தக் கட்டத்தில்தான்.