சாவி வாங்கும் அன்றே மீட்டரைப் படம் எடுங்கள்

புரோக்கர் மூலமாக வாடகை வீடு பிடித்திருந்தால், சாவி கைக்கு வரும் அன்றே இ.பி. மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் புரோக்கருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கமிஷன் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. அதுவரை புரோக்கர் பொறுமையாகக் கூட நின்று பார்ப்பார்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்குப் பொதுவாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். நடுவில் குடிவந்தால், பழைய குடித்தனக்காரர் ஓட்டிய ஏ.சி.யும் உங்கள் பில்லில்தான் சேரும். யூனிட் ஏற ஏறக் கட்டணமும் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறி, நீங்கள் செலவழித்த யூனிட்டுக்கும் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். படம் இருந்தால் யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம்.

டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 'கே.டபிள்யூ.எச்.' (kWh, அதாவது யூனிட்) என்று வரும்வரை காத்திருந்து எடுங்கள். மீட்டர் நம்பரும் படத்தில் தெரியட்டும். ஒரே பெட்டியில் நாலைந்து மீட்டர் இருக்கும் அடுக்குமாடியில் இது ரொம்ப முக்கியம்.

சப் மீட்டர் வைத்து வீட்டுக்காரரே யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் இடத்தில், அந்தச் சப் மீட்டரைத்தான் எடுக்க வேண்டும். கரண்ட் பில் வாடகையிலேயே அடக்கம் என்றால் இது எதுவும் தேவையில்லை.