கையெழுத்துப் பழக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பிள்ளையின் எழுத்து கோணலாக இருக்கிறதென்றால் உடனே ஒரு நோட்டை வாங்கி, "பக்கம் முழுக்க எழுது" என்று உட்கார வைத்துவிடுகிறோம். மேலே இருக்கும் மாதிரியைப் பிள்ளை பார்ப்பது முதல் ஓரிரு வரிகளுக்குத்தான். அதன்பின் தான் எழுதிய முந்தைய வரியைப் பார்த்தே எழுதும். மூன்றாம் வரியில் லேசாகச் சாய்ந்த 'க' பத்தாம் வரியில் படுத்தேவிடும். மூன்று வரி போதும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மாதிரி எழுத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் தாராளம்.

அடுத்தது, 'அ'வில் தொடங்குவது. சொல்லிப் பழக அகரவரிசை நல்லது. எழுத அது சரிவராது. சுழி, வளைவு, கோடு மூன்றும் 'அ'வில் சேர்ந்தே வருகின்றன. நேர்க்கோடுகளால் ஆன ட, ப இரண்டும் கைக்கு வந்தபின் ம, ய என்று போய், சுழி உள்ளவற்றைக் கடைசியில் வைக்கலாம். எழுதி முடித்த எழுத்தைவிட, எழுதும் கையைப் பாருங்கள். 'ப'வைக் கீழிருந்து மேலாக இழுத்தாலும் முடிவில் அது 'ப' போலத்தான் தெரியும். ஆனால் வேகமாக எழுதும் வயதில் வடிவம் குலையும். அப்போது திருத்துவது பெரும்பாடு.

தமிழுக்கே உரிய சிக்கல் கொம்பில் இருக்கிறது. 'கெ' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது 'க்'. எழுதும்போதோ கொம்பு முந்துகிறது. அதனால் பிள்ளை 'க'வை எழுதிவிட்டு, கொம்பை முன்னால் இடுக்கில் செருகும். கொ, கோ வந்தால் இன்னும் திணறும். "கொம்பு, எழுத்து, கால்" என்று வாய்விட்டுச் சொல்லியபடி எழுதட்டும். உகர வரிசையையும் க முதல் ன வரை ஒரே மூச்சில் திணிக்காதீர்கள். சு, பு, வு ஒரு குடும்பம். து, நு, று இன்னொன்று. கு, மு, ரு வேறொன்று. குடும்பமாகக் கற்றால் குழப்பம் குறையும்.

பென்சிலை முட்டியாகப் பிடிக்கிறதா? அதட்ட வேண்டாம். ஓரங்குல நீளமுள்ள கிரேயான் துண்டைக் கொடுங்கள். அதை விரல்நுனியால்தான் பிடிக்க முடியும். கால் தரையிலோ பலகையிலோ ஊன்றியிருக்க வேண்டும். இடக்கைப் பிள்ளையின் கையை மாற்றவே கூடாது. தாளின் இடது மேல்மூலை சற்று உயர்ந்திருக்கும்படி திருப்பி வைத்தால் போதும்.

வாக்கியத்துக்கு வந்தால், சொல்லாததை எழுதச் சொல்வதுதான் பெரிய தவறு. படத்தைக் காட்டுங்கள், பிள்ளை "பூனை ஓடுச்சு" என்று சொல்லும். அதைத் தப்பு என்காதீர்கள், அது பேச்சு. "எழுதும்போது 'பூனை ஓடியது'" என்று காட்டுங்கள். பிறகு 'எங்கே?' என்று கேட்டால் "பூனை வீட்டுக்குள் ஓடியது" என மூன்று சொல்லாகும். 'எப்படி?' என்றால் நான்காகும். சொற்களுக்கு இடையே ஒரு விரலை வைத்து இடம் விடட்டும்.

திருத்தும்போது சிவப்பு மையால் பக்கத்தை நிரப்பாதீர்கள். இன்று இடைவெளி என்றால் அது மட்டும். ல, ள, ழ நாளைக்கு இருக்கட்டும்.