இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளியில் வாசிப்புத் தன்னார்வலர்: புதிதாக வந்தவர்களுக்கு

வாரத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்க முடிந்தால், பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கலாம். சம்பளம் இல்லை, ஆசிரியர் பயிற்சியும் தேவையில்லை. ஐந்தாறு வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிப் பிள்ளை வளர்க்கிறார்கள், ஆண்டு முழுக்க எதைக் கொண்டாடுகிறார்கள் என்பதெல்லாம் ஒரே இடத்தில் தெரியவரும். அலுவலகத்திலும் கடையிலும் ஐந்து வருடம் பழகினாலும் அவ்வளவு தெரியாது.

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். விருப்பப்பட்டு உதவுவதும், சம்பளம் வாங்காமல் ஊழியர்போல் வேலை செய்வதும் இங்கே சட்டப்படி வேறு வேறு. ஒப்பந்தம் போட்டு, கட்டாய நேரம் வைத்து, ஊழியர் செய்ய வேண்டியதை உங்களிடம் வாங்கினால் அது இரண்டாவது வகை. மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர்களுக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. இரண்டாவது வகை அந்தக் கணக்கில் சேரும், முதல் வகை சேராது. விசிட்டர் விசாவில் இருப்பவர்கள் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மட்டும், மொத்தம் 30 நாள் வரை உதவலாம். பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் வந்திருக்கும் அப்பா அம்மாவைப் பள்ளியில் சேர்த்துவிட நினைக்காதீர்கள்.

பள்ளி வாசலில் நின்று கேட்டால் வேலை நடக்காது. பள்ளி அலுவலகத்துக்கு நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: நீங்கள் யார், எங்கே குடியிருக்கிறீர்கள், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வர முடியும். "எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்" என்று எழுதாதீர்கள். "செவ்வாய்தோறும் காலை 9.15 முதல் 10.30 வரை" என்று எழுதினால்தான் ஆசிரியரால் திட்டமிட முடியும். செப்டம்பரில் பள்ளி தொடங்கி இரண்டு வாரம் கழிந்த பிறகோ ஜனவரி நடுவிலோ கேட்பது நல்லது. மே மாதத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தேர்வு, ஜூலைக் கடைசியில் ஆண்டு முடிவு. அப்போது யாருக்கும் நேரம் இருக்காது. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஃபோன் செய்யுங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் வகுப்பில் பல பள்ளிகள் உங்களை விடமாட்டார்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது டிபிஎஸ் என்னும் குற்றப் பின்னணிச் சோதனை. தன்னார்வலருக்கு அரசுக் கட்டணம் இல்லை. ஸ்காட்லாந்தில் இதற்குப் பிவிஜி என்றும் வட அயர்லாந்தில் ஆக்சஸ்என்ஐ என்றும் தனி முறைகள் உண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது பெயரில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், வங்கியில் வெறும் இனிஷியல் இருக்கும், கவுன்சில் வரி பில்லில் இரண்டும் இடம் மாறியிருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்திக்கொள்ளுங்கள். கடந்த ஐந்து ஆண்டு முகவரிகளை ஒரு மாத இடைவெளிகூட இல்லாமல் கேட்பார்கள். ஊரில் இருந்த வீடு, ஹாஸ்டல், இங்கே வந்ததும் நண்பர் வீட்டில் தங்கிய மூன்று வாரம் எல்லாமே அதில் வரவேண்டும். முகவரிச் சான்றுக்கு வங்கி அறிக்கை மூன்று மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும். கவுன்சில் வரி பில் என்றால் பன்னிரண்டு மாதம் வரை செல்லும். மொபைல் பில் செல்லாது.

இந்தச் சோதனையால் வெளிநாட்டுப் பதிவுகளைப் பார்க்க முடியாது. ஆகவே ஊரிலிருந்து காவல்துறைச் சான்றிதழ் வாங்கிவரச் சொல்லலாம். இந்தியர்கள் பாஸ்போர்ட் சேவா வழியாக விண்ணப்பிக்கலாம். டிபிஎஸ் சான்றிதழ் உங்கள் வீட்டுக்கே தபாலில் வரும். அதில் போட்டிருக்கும் தேதியைக் குறித்து வையுங்கள். சான்றிதழ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அப்டேட் சர்வீஸ் என்னும் டிபிஎஸ்ஸின் இணையச் சேவையில் பதிந்துகொண்டால், நாளை வேறு பள்ளிக்குப் போகும்போது எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்காது. தன்னார்வலருக்கு அதுவும் இலவசம்.

வாசிப்பு

இங்கே பிள்ளைகள் ஃபோனிக்ஸ் முறையில் படிக்கிறார்கள். எழுத்தின் பெயரை முன்னால் சொல்வதில்லை, ஒலியைத்தான் சொல்வார்கள். 'எஸ்' என்று சொல்லாமல் 'ஸ்' என்பார்கள், 'எம்' என்று சொல்லாமல் 'ம்' என்பார்கள். உள்ளூர்ப் பெற்றோர் பலர் 'ம்' என்பதை 'ம' என்று இழுத்துவிடுவதால் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. புள்ளி வைத்த எழுத்தைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சூரியனுக்கான ஆங்கிலச் சொல்லை ஸ், அ, ன் என்று சொன்னால் 'ஸன்' தானாகச் சேர்ந்துகொள்ளும். ஸ, அ, ன என்று சொன்னால் பிள்ளைக்கு எப்படிச் சேர்த்தாலும் 'ஸஅன'தான் வரும்.

நாம் தடுமாறும் இடங்களும் உண்டு. ஊசிக்கும் குப்பைத்தொட்டிக்குமான ஆங்கிலச் சொற்கள் இரண்டையுமே தமிழில் 'பின்' என்றுதான் எழுதுகிறோம். உள்பனியனும் மேற்கும் இரண்டுமே 'வெஸ்ட்'. முதல் சோடியில் ஒன்றுக்குக் குரல் அதிராது, மற்றதற்கு அதிரும். இரண்டாவது சோடியில் பனியனுக்குக் கீழுதட்டில் மேற்பல் படவேண்டும், மேற்குக்கு உதட்டைக் குவிக்கவேண்டும். முட்டையை 'யெக்' என்று யகரம் சேர்த்துத் தொடங்குவதும் நம் வழக்கம். வீட்டில் கண்ணாடி முன் பத்து நிமிடம் பழகினால் போதும். மற்றபடி உச்சரிப்பை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். ஆசிரியர்களே பல வட்டாரப் பேச்சு பேசுகிறவர்கள்தான்.

ஒரு பிள்ளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். சொல்லில் முட்டி நின்றால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிறகு முதல் ஒலியை மட்டும் காட்டுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் நீங்களே ஒலிகளைப் பிரித்துச் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்லக்கூடாது. சில தாள்களில் பொருளே இல்லாத சொற்கள் இருக்கும், பக்கத்தில் வேற்றுக்கிரகவாசி படம் இருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்துத் தெரிந்த சொல்லாக மாற்றிப் படிக்க வைத்துவிடாதீர்கள். முதலாம் ஆண்டு ஜூனில் நடக்கும் ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொற்களில் 20 இப்படிப்பட்டவை. மனப்பாடமா, உண்மையிலேயே ஒலி சேர்த்துப் படிக்கிறார்களா என்று அதில்தான் தெரியும்.

கடைசியில் வாசிப்புக் குறிப்பேட்டில் ஓரிரு வரி எழுதுங்கள். 'நன்று' என்று எழுதினால் ஆசிரியருக்குப் பயனில்லை. எந்தச் சொல்லில் நின்றது, எந்த ஒலியைக் குழப்பியது என்று எழுதினால் அன்றைக்கே அவர் அதை எடுத்துச் சொல்லிக்கொடுப்பார்.

கட்டாயமாகக் கைக்கொள்ள வேண்டியவை

அலுவலகத்தில் கையெழுத்திட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஃபோனை அணைத்துப் பையில் வையுங்கள்; படம் எடுக்கவே கூடாது. கதவு திறந்திருக்கும் இடத்தில், மற்றவர் கண்ணில் படும்படி உட்காருங்கள். கன்னத்தைக் கிள்ளுவதும் மடியில் உட்காரவைப்பதும் நமக்குப் பாசம், இங்கே வேண்டாம். பிறந்தநாள் லட்டு, சாக்லேட் எதுவும் கொண்டுபோகாதீர்கள். கடலை, முந்திரி ஒவ்வாமை உயிரைப் பறிக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் அது நின்று 48 மணி நேரம் கழித்துத்தான் போக வேண்டும்.

ஒரு பிள்ளை வீட்டில் அடிக்கிறார்கள் என்றோ பயமாக இருக்கிறது என்றோ சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தூண்டித் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, பிள்ளைகள் பாதுகாப்புக்கான பொறுப்பாளரிடம் அன்றே, வீட்டுக்குக் கிளம்பும் முன் கொடுத்துவிடுங்கள். அந்தப் பொறுப்பாளர் யார் என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் வழக்கங்கள்

இலையுதிர் காலத்தில் அறுவடை விழா என்று பிள்ளைகள் டின் உணவு கொண்டுவருவார்கள். பெரும்பாலும் அது உணவு வங்கிக்குப் போகும். நவம்பர் 5 வாணவேடிக்கை. நவம்பர் 11 காலை 11 மணிக்குப் போரில் இறந்தவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம். அப்போது நடைபாதையில் இருந்தால் அப்படியே நில்லுங்கள். டிசம்பரில் இயேசு பிறப்பு நாடகம், மார்ச்சில் புத்தக தினத்துக்குக் கதாபாத்திர வேஷம். எதற்காவது நாற்காலி அடுக்க, துணி தைக்க ஆள் தேடினால் உடனே பெயர் கொடுங்கள். அங்கேதான் ஆட்கள் பழக்கமாவார்கள். ஜனவரியில் பொங்கலைப் பற்றிப் பேசச் சொன்னால், பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்த அறுவடை விழாவிலிருந்து தொடங்குங்கள். பதினைந்து நிமிடத்தில் முடித்து, ஆளுக்கொரு தாளில் புள்ளிக் கோலம் போட விடுங்கள்.

பேச்சில் சில விஷயங்கள் நம்மை ஏமாற்றும். "ஆர் யூ ஆல்ரைட்?" என்பது வணக்கம் மாதிரி, உடம்பைப் பற்றி விசாரிக்கவில்லை. "யூ மைட் வான்ட் டு..." என்று ஆசிரியர் தொடங்கினால் யோசனை சொல்வதுபோலத்தான் தோன்றும், ஆனால் செய்யச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் 'டின்னர்' என்றால் மதியச் சாப்பாடு. வடக்குப் பகுதிகளில் 'டீ' என்றால் இரவுச் சாப்பாடாகவும் இருக்கும். டீக்கு அழைத்தால் வயிற்றில் இடம் வைத்துப் போங்கள். ஆசிரியர் அறையில் தேநீர்க் கோப்பைகள் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. கேட்டுவிட்டு எடுங்கள், இல்லையென்றால் உங்களுடையதைக் கொண்டுபோங்கள்.

அக்டோபர் கடைசி, பிப்ரவரி நடு, மே கடைசி ஆகியவற்றில் பொதுவாக ஒரு வார விடுமுறை உண்டு. இவை தவிர ஆசிரியர் பயிற்சிக்கென்று ஆண்டில் ஐந்து நாள் பிள்ளைகள் வரமாட்டார்கள். பள்ளியின் தேதிப் பட்டியலை வாங்கிக்கொள்ளாதவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார்கள். பிற்பாடு உதவி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், தலைமையாசிரியரின் பரிந்துரையை ஜூலை நடுவுக்குள் கேட்டுவிடுங்கள். அதன்பிறகு ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு அலுவலகத்தில் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள்.