ஆவியோடு பேசுகிறவரிடம் வீட்டில் ஒருவர் கிளம்பினால்

திண்டுக்கல்லில் ஃபிளெக்ஸ், போஸ்டர் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு நாலைந்து கண்ணீர் அஞ்சலி வரும். அக்கா மகன் பைக்கில் போய் இறந்தபோது அவனுக்கும் நான்தான் அடித்தேன். மூன்றாம் மாதம், இறந்தவர்களைப் பேசவைக்கிறேன் என்கிற ஒருவரிடம் அக்கா போக ஆரம்பித்தது. முதல் தடவை தட்சணை 501 ரூபாய். நாலாவது தடவை சாந்தி பூஜைக்கு 35,000.

முதலில், சண்டை போடாதீர்கள். "உனக்கென்ன பைத்தியமா?" என்று நான் கேட்டேன். அதற்கப்புறம் எனக்குச் சொல்லாமலே போனது, வளையல் அடகுக்குப் போனதும் தெரியவில்லை. கூடப் போகிற ஆளாக இருந்தால்தான் ஏதாவது செய்ய முடியும். குலதெய்வக் கோயில் சாமியாடியையும் இதையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசவும் வேண்டாம். பெரியவர்கள் அதோடு காதை மூடிக்கொள்வார்கள்.

போகுமுன் உங்கள் வீட்டு விவரம் எவ்வளவு தெருவில் கிடக்கிறது என்று பாருங்கள். போஸ்டரில் பிறப்பு, மறைவு, அப்பா பெயர், ஊர், கீழே 'இப்படிக்கு' என்று மாமன் மச்சான் பட்டியல். அக்காவை அசத்திய எட்டு விஷயத்தில் ஆறு என் கம்ப்யூட்டரில் நானே டைப் அடித்தவை. மீதி இரண்டு? திண்ணையில் காத்திருந்தபோது, "உங்களுக்கு யாரு தவறிட்டாங்கம்மா?" என்று கண்ணைத் துடைத்தபடி விசாரித்த பெண்ணிடம் அக்காவே சொன்னவை. அதனால் திண்ணையில் வாயே திறக்காதீர்கள். பெயர் எழுதுகிற நோட்டில் போன் நம்பரும் வேண்டாம். நம்பர் கிடைத்தால் வாட்ஸ்அப் போட்டோவும் அவர்கள் கையில்.

உள்ளே போனதும் அவர் சொல்வதில் எத்தனை கேள்வி என்று விரல் மடக்கி எண்ணுங்கள். "நெஞ்சுல வலி தெரியுதே..." என்று இழுப்பார். நம் முகம் மாறாவிட்டால், "இல்ல, தலை" என்று திருப்பிக்கொள்வார். "ம-வுல ஆரம்பிக்கிற பேரு ஒண்ணு" என்பார். முருகனோ மாரியம்மாளோ மீனாவோ இல்லாத வீடு எது?

இனிதான் முக்கியமானது. வெளியே வந்ததும் பக்கத்து டீக்கடையிலேயே உட்கார்ந்து, ஒரு 40 பக்க நோட்டில் இடது பக்கம் அவர் சொன்னது, வலது பக்கம் நாம் சொன்னது என்று எழுதுங்கள். எதை யார் முதலில் சொன்னது என்பதுதான் கணக்கு. ராத்திரி வரை தள்ளினால், நாம் சொன்னதெல்லாம் அவர் சொன்னதாக மாறிவிடும். நீங்கள் எழுதாதீர்கள், போனவரே எழுதட்டும். அக்கா எழுதியது. இடது பக்கத்தில் பாதி கேள்விக்குறி.

மேஜிக்காரர் ஹூடினிக்கு 1922-இல் அட்லாண்டிக் சிட்டியில் இப்படி ஒன்று நடந்தது. இறந்துபோன அவர் அம்மா பேசுவதாக, ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாய்லின் மனைவி பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். எழுத்து முழுக்க இங்கிலீஷ், உச்சியில் ஒரு சிலுவை. அந்த அம்மாவோ யூத குருவின் மனைவி, இங்கிலீஷ் பேசத் தெரியாதவர். டாய்லைத் திருடன் என்று நான் சொல்லமாட்டேன். அவரும் 1918-இல் மகனைப் பறிகொடுத்தவர், மனசார நம்பினார்.

இதே சோதனை நம் வீட்டுக்கும் உண்டு. போஸ்டரில் வராத, ஃபேஸ்புக்கில் இல்லாத ஒரு வார்த்தையைத் தேடுங்கள். நாங்கள் கூப்பிடுவதைக் கேட்டே வளர்ந்ததால், மருமகன் பெற்றவளையே "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். அந்த ஆள் குரலை மாற்றி "அம்மா... அம்மா..." என்று அழுதிருக்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை. நோட்டில் அதை எழுதும்போது அக்கா பேனாவை வைத்துவிட்டது.

பணம் போயிருந்தால்: ஜிபே மாதிரி அனுப்பியது என்றால் தாமதிக்காமல் 1930 என்கிற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு போன் அடியுங்கள். கையில் கொடுத்தது என்றால் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் புகார், மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தின் 318-ஆம் பிரிவு. அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். எங்களுக்குப் பணம் திரும்பவில்லை.

போவதை நிறுத்தியபின் சாயங்காலங்கள்தான் கஷ்டம். அந்த நேரத்துக்கு யாராவது கூட இருங்கள். போனவர் போனை ரீசெட் செய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மருமகன் போனிலிருந்து 11 வாய்ஸ் மெசேஜை எடுத்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒன்றில், "அக்கா, வர லேட்டாகும், தோசை மாவு இருக்கா?" என்று கேட்கிறான். அக்கா அதைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறது.