ஹன்லன்ஸ் பொயின்ற் கரைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

ரொறன்ரோ தீவுகளின் மேற்கு ஓரத்தில் உள்ள ஹன்லன்ஸ் பொயின்ற் கரையில் உடுப்போடும் இருக்கலாம், உடுப்பில்லாமலும் இருக்கலாம். நகரசபை 1999-இல் பரீட்சார்த்தமாக இதற்கு அனுமதி கொடுத்தது, 2002-இல் நிரந்தரமாக்கியது, 2023-இல் எல்லையைப் பெருப்பித்தது. நீச்சலுடையோடு இருந்தால் ஏன் கழற்றவில்லை என்று யாரும் கேட்கப்போவதில்லை. முதல் தடவை போகிறவர்கள் தங்கள் உடம்பை நினைத்துத்தான் தயங்குவார்கள். ஆனால் அங்கே போனபின் ஆளைப் படுத்துகிறவை வெயில், தண்ணீரின் குளிர், தவறவிட்ட பெரி (தீவுக்கு ஓடும் பயணப் படகு) ஆகிய மூன்றும்தான்.

போய்ச் சேருவது

யூனியன் ஸ்ரேசனில் இருந்து பே வீதியால் தெற்கே பத்து, பன்னிரண்டு நிமிடம் நடந்தால் ஜாக் லேற்றன் பெரித் துறை வரும். அங்கே மூன்று வரிசை: சென்ரர் ஐலண்ட், வோர்ட்ஸ் ஐலண்ட், ஹன்லன்ஸ் பொயின்ற். மூன்றுக்கும் ரிக்கெற் ஒன்றுதான். ஆனால் வரிசை மாறி நின்றால் அலைச்சல். சென்ரர் ஐலண்டில் இறங்கினால் இந்தக் கரைக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் நடக்க வேண்டும். நல்ல வெயில் அடிக்கும் சனி, ஞாயிறுகளில் மதியத்தில் துறை நிரம்பி வழியும். ரிக்கெற்றை முதல் நாளே இணையத்தில் வாங்கிவிட்டு, காலையிலேயே போய்விடுங்கள். இணைய ரிக்கெற் இருந்தாலும் பெரிக்கான வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

அந்த ரிக்கெற்றிலேயே திரும்பி வரும் காசும் அடங்கும். திரும்பும்போது எந்தத் துறையில் ஏறினாலும் பரவாயில்லை. இதை ஞாபகம் வைத்திருங்கள், கடைசியில் உதவும்.

பெரிப் பயணம் ஏறக்குறையக் கால் மணித்தியாலம். இறங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, துறையில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் போனில் படம் எடுத்து வைப்பது. ஹன்லன்ஸ் துறைக்கு வரும் பெரி மற்றத் துறைகளை விடக் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காக்க வேண்டி வரலாம். பிறகு தீவில் உள்ள விமான நிலையத்தின் வேலியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் கரைக்குத் திரும்பும் பாதையும் அறிவிப்புப் பலகையும் வரும். குளிர்காலத்தில் பெரி வோர்ட்ஸ் ஐலண்டுக்கு மட்டும்தான் ஓடும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு இரண்டு துவாய். ஒன்று இருக்க, மற்றது துடைக்க. ஒன்றையே இரண்டுக்கும் பாவித்தால் நனைந்த துவாயில் மண் அப்பிக்கொள்ளும், பிறகு அது துடைக்கவும் உதவாது, படுக்கவும் உதவாது. உடுப்பில்லாமல் இருக்கும்போது எங்கே இருந்தாலும் கீழே துவாய் விரிப்பது இப்படிப்பட்ட கரைகள் எல்லாவற்றிலும் பொது வழக்கம். அடுத்தவருடைய கதிரையில் வெறும் உடம்போடு இருக்கக் கூடாது.

ஒரு சாரம் எடுத்துப் போங்கள். இதைவிட உதவும் பொருள் வேறு இல்லை. கழிவறைக்குப் போகும்போது இடுப்பில் சுற்றலாம், தோள் சுடும்போது போர்த்தலாம், காற்றுக் கூடினால் மூடிக்கொண்டு படுக்கலாம். காற்சட்டையை இழுத்து மாட்டுவதை விட இது எவ்வளவோ சுகம், ஈர உடம்பில் மண்ணோடு துணி உரசாது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர், சாப்பாடு, தொப்பி, செருப்பு. மதியத்தில் அந்த மணலில் வெறுங்காலோடு பத்து அடி வைக்க முடியாது. நாயைக் கூட்டிப் போக வேண்டாம், கரையில் அனுமதி இல்லை.

வெயில்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் பிழை விடுகிறார்கள். முகமும் கையும் வருடக்கணக்காக வெயில் கண்டவை. இடுப்புக்குக் கீழும், பெண்களுக்கு மார்பும் அப்படி இல்லை. அரை மணித்தியாலத்திலேயே அந்தத் தோல் வெந்துவிடலாம், ஆனால் எரிவு பின்னேரம்தான் தெரியும். நமக்குக் கறுப்புத் தோல், ஒன்றும் செய்யாது என்ற எண்ணத்தை விடுங்கள். சிவப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தோல் எரியும், உரியும். அடுத்த நாள் கதிரையில் இருக்க முடியாமல் போவது அதனால்தான்.

வளர்ந்தவர் ஒருவரின் முழு உடம்புக்கும் ஒரு தடவை பூச 30 முதல் 35 மில்லிலீற்றர் வெயில் கிறீம் வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும், தண்ணீரால் ஏறிய பிறகும் திரும்பப் பூச வேண்டும். காலை பதினொரு மணி தொடங்கிப் பின்னேரம் வரை இருக்கிறவருக்கு 100 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்று முழுதாக முடியும். இரண்டு பேருக்கு ஒரு சின்னப் போத்தல் கொண்டு போனால், பூசியது போலத்தான் இருக்கும், காப்பு இருக்காது. போத்தலில் போட்டிருக்கும் எஸ்பிஎப் (வெயில் காப்பு அளவு) 30-க்குக் குறையாததை வாங்குங்கள். முதல் பூச்சை வீட்டிலேயே, உடுப்புப் போட முதல் பூசிவிடுங்கள். மணலில் வைத்துப் பூசினால் கையில் ஒட்டிய மண்ணும் சேர்ந்து தேயும், நோகும். மெல்லிய தோல் உள்ள இடங்களுக்கு வாசனை சேராத, துத்தநாக ஒக்சைட் கிறீம் நல்லது, எரிச்சல் குறைவு. பாதத்தின் மேற்புறம், முழங்காலின் பின்பக்கம், காதின் நுனி ஆகியவற்றை எல்லோரும் மறப்பார்கள்.

வெயில் உச்சிக்கு வருவது இங்கே கோடையில் பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகால் அளவில். பதினொன்றுக்கும் நாலுக்கும் இடையில் குடை அல்லது சிறு கூடாரம் இருப்பது நல்லது.

கழற்றுவதும் கண்ணும்

பாதையிலும் துறையிலும் உடுப்போடு இருங்கள். அறிவிப்புப் பலகையைத் தாண்டிக் கரைக்குள் வந்த பிறகுதான் அனுமதி. எல்லைக்கு வெளியே நிர்வாணமாக நடந்தால் குற்றவியல் சட்டத்தின் 174-ஆம் பிரிவு உங்களைப் பிடிக்கும்.

இடம் பிடித்து, துவாய் விரித்து, ஒரு பத்து நிமிடம் சும்மா இருங்கள். சுற்றி இருப்பவர்களில் வயதானவர், இளையவர், அறுவைச் சிகிச்சைத் தழும்பு உள்ளவர், தொப்பை உள்ளவர் என்று எல்லோரும் இருப்பார்கள், ஒருவரும் உங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார்கள். மனம் வந்தால் மெல்லக் கழற்றுங்கள், வராவிட்டால் விடுங்கள். தண்ணீருக்குள் போகும்போது முதலில் கழற்றுவது பலருக்குச் சுலபமாக இருக்கும். ஆண்களுக்கு உடம்பு எழும்பிவிட்டால் குப்புறப் படுங்கள் அல்லது துவாயால் மூடுங்கள், சற்று நேரத்தில் சரியாகிவிடும். காட்டிக்கொண்டு திரிவது மட்டும் கூடாது.

போனைப் பைக்குள் வையுங்கள். படம் எடுக்காவிட்டாலும் போனை நிமிர்த்திப் பிடித்தால் பக்கத்தில் இருக்கிறவருக்கு நெஞ்சு பதறும். ஏரியைப் படம் எடுக்க விரும்பினால் தண்ணீர் ஓரத்துக்குப் போய், கரைக்கு முதுகைக் காட்டி எடுங்கள். அப்போதும் தண்ணீருக்குள் யாராவது நின்றால் எடுக்க வேண்டாம். தெரிந்த முகம் ஒன்று தென்பட்டால் தலையை அசைத்துவிட்டுப் போங்கள். ஊருக்குத் திரும்பியபின் அவரை அங்கே கண்டதாக மூன்றாம் ஆளிடம் சொல்லக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடு இருப்பதால்தான் ஆட்கள் பயமில்லாமல் அங்கே வருகிறார்கள். 1971-இல் இந்த நகரத்தின் தன்பாலீர்ப்பாளர்கள் தங்கள் ஒன்றுகூடலை நடத்தத் தெரிந்தெடுத்ததும் இந்தக் கரையைத்தான். அவர்களுக்கு இன்றும் அது தங்கள் இடம், அங்கே போகும் நாங்கள் விருந்தாளிகள் போல நடக்க வேண்டும்.

தனியே போகும் பெண்கள் உயிர்காப்பாளரின் நாற்காலிக்குக் கிட்ட இடம் பிடியுங்கள். யாராவது வந்து அருகில் குந்திக் கதை வளர்த்தால், "தனியே இருக்க விரும்புகிறேன்" என்று ஒரே தடவை, சிரிக்காமல் சொல்லுங்கள். போகாவிட்டால் உயிர்காப்பாளரிடம் சொல்லலாம், ஆபத்தென்றால் 911.

தண்ணீரும் மணல்மேடும்

ஒன்ராறியோ ஏரி ஜூன் மாதத்தில் உடம்பை விறைக்க வைக்கும். ஜூலை கடைசியும் ஓகஸ்டும்தான் குளிக்கத் தக்க காலம். அப்போதும் ஒரு சங்கதி உண்டு: மேற்கில் இருந்து பலமாகக் காற்று ஓரிரு நாள் அடித்தால் மேலே கிடக்கும் சூடான தண்ணீர் கரையை விட்டு விலகிப்போகும், அடியில் கிடக்கும் குளிர்நீர் மேலே வரும். நேற்று வெதுவெதுப்பாக இருந்த இடம் இன்று குளிரில் பாதத்தைக் கடிக்கும். முழங்கால் வரை இறங்கிப் பார்த்த பிறகு மட்டும் உள்ளே போங்கள், பாயவேண்டாம்.

கோடையில் நகரசபை தண்ணீரில் ஈ.கோலை என்ற கழிவுக் கிருமியின் அளவைப் பரிசோதித்து வெளியிடும். 100 மில்லிலீற்றரில் 100-ஐத் தாண்டினால் குளிக்க வேண்டாம் என்று அறிவிப்பார்கள். பெருமழைக்குப் பிறகு இரண்டு நாள் பொறுப்பது புத்தி.

கரைக்குப் பின்னால் உள்ள மணல்மேடுகளுக்குள் போகாதீர்கள். அங்குள்ள செடிகள் மிதிபட்டால் மணல் நிற்காது. அதோடு மூன்று இலை சேர்ந்திருக்கும் பொய்சன் ஐவியும் அங்கே வளரும். அதன் எண்ணெய் தோலில் பட்டால் சொறி உடனே வராது, பன்னிரண்டு மணித்தியாலமோ இரண்டு நாளோ கழித்து வரும். வெறும் உடம்போடு அதற்குள் ஒதுங்கினால் எங்கெங்கே படும் என்று சொல்லத் தேவையில்லை. பட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே சவர்க்காரமும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள்.

மேற்கு பார்த்த கரை என்பதால் சூரியன் ஏரிக்கு அப்பால் இறங்குவதைப் பார்க்கலாம். அதற்காகத் தங்கினால் கடைசிப் பெரிக்கு நாற்பது நிமிடத்துக்கு முதலே உடுத்திக்கொண்டு கிளம்புங்கள். மண்ணைத் தட்டவும் கால் கழுவவும் நினைத்ததை விட நேரம் பிடிக்கும். ஹன்லன்ஸ் பெரி போய்விட்டால் மற்றத் துறைகளில் பெரி இருக்கிறதா என்று எடுத்து வைத்த படத்தில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வோட்டர் ரக்சிதான், பெரி ரிக்கெற் அதற்குச் செல்லாது.