சுருங்கு நுண்குமிழ் கசங்காமல் கிடைக்க

வெண்ணாற்றுத் தண்ணீரில் வைக்கோல் ஊறப்போட்டு வளர்த்த பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் சுருங்கு நுண்குமிழ், அதாவது மிகுதி நீரை வெளியேற்றும் உறுப்பு, கசங்கிய பையாகவே தெரிந்தது. கோளாறு, செல்களைப் பதப்படுத்தும் மருந்தைக் கரைக்கும் பஃபரில்தான் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்): 0.1 மோலார் ககோடைலேட் பஃபர் நன்னீர் உயிரியின் நீரை உறிஞ்சிவிடும். 0.05-க்கு இறக்கினேன்.

அப்படியும் நுண்குமிழுக்கு நீரைக் கொண்டுவரும் ஆரக்கால்வாய்கள் வீங்கின. பதப்படுத்தும் மருந்தான குளூட்டரால்டிஹைடு புரதத்தைப் பிடிக்கும், சவ்வின் கொழுப்பைப் பிடிக்காது. அதனால் கலவையில் குளூட்டரால்டிஹைடு 2 சதவீதமும், கொழுப்பைப் பிடிக்கும் ஆஸ்மியம் டெட்ராக்சைடு 1 சதவீதமும் இருக்கும்படி ஐஸ் மேல் கலந்து, அந்தக் கணமே செல்களை விட்டேன், 30 நிமிடம். முன்கூட்டிக் கலக்காதீர்கள், கறுத்துப் பாழாகும். ஆஸ்மியம் ஆவி கண்ணைக் கெடுக்கும், ஆவியை வெளியே இழுக்கும் புகைப்பெட்டிக்குள்தான் வேலை.

பிறகு வழக்கம்போல் அகாரிலும் ரெசினிலும் பதித்து, 70 நானோமீட்டர் சீவல். இப்போது கால்வாயைச் சுற்றிச் சுமார் 50 நானோமீட்டர் குழாய்கள். அவற்றின்மேல் கதிரில் நெல்மணிபோல வரிசையாக வி-ஏடிபேஸ் (சவ்வில் புரோட்டானை இறைக்கும் புரதம்) முளைகள். அவ்வளவு அழகு!