ஆட்டா மாவில் வண்டு: என் அனுபவம்

சிங்கப்பூர் ஈரக்காற்றில் ஆட்டா பையைப் பிரித்து அலமாரியில் வைத்தால் வண்டு வந்துவிடும். முட்டை பெரும்பாலும் மாவோடு கடையிலிருந்தே வருவதால் டப்பாவை மாற்றினால் மட்டும் பயனில்லை. எனக்குக் கைகொடுத்தது ஃப்ரீசர்தான். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கும் 5 கிலோ மாவை ஒரு கிலோ பொட்டலங்களாக, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் 4 நாள் வைக்கிறேன். எடுத்ததும் பிரிக்கவே கூடாது! குளிர்ந்த மாவில் ஈரம் படிந்து கட்டிதட்டும், பூசணம் பிடிக்கும். பொட்டலம் வெளியே வியர்த்துக் காய்ந்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் ரப்பர் வளையமுள்ள டப்பாவில் கொட்டுங்கள். பழைய மாவின்மேல் புதியதைக் கொட்ட வேண்டாம். டப்பா மூலையில் நூலாம்படைபோல் சிக்கு தெரிந்தால் அது அந்துப்பூச்சிப் புழுவின் வேலை. கோதுமை மணியின் முளைப்பகுதியிலுள்ள எண்ணெய் இருப்பதால் மைதாவைவிட ஆட்டா சீக்கிரம் காறும். மிச்சப் பொட்டலங்கள் ஃப்ரீசரிலேயே இருக்கட்டும்.